ரிப்போர்ட்டில் வராத மருந்து மண்ணில் இருக்குமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஈரோட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் தோட்டம் வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் இருபது, இருபத்தைந்து வருடம் பருத்தியும் மஞ்சளும் மாற்றி மாற்றிப் போட்டவர், மருந்துக்குக் கணக்கே பார்க்காதவர். மண்ணைச் சோதனைக்கு அனுப்பினீர்கள். எல்லா மருந்துக்கும் நேராக 'கண்டறியப்படவில்லை' என்று வந்துவிட்டது. நிம்மதியாக இருந்த நேரத்தில் ஒருவர் வந்து, "மண்ணோடு ஒட்டிக்கிட்ட விஷம் எந்த டெஸ்ட்லயும் வராது" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னது உண்மையா, உண்மை என்றால் ஒரு அடி மேல்மண்ணை வழித்து எடுக்க வேண்டுமா, லிட்டர் கணக்கில் விற்கிற நுண்ணுயிர்க் கரைசலை வாங்கி விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் பையனுக்கு இரண்டு வயது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: இந்த மண்ணில் அவன் விளையாடலாமா, இதில் விளைந்ததை அவனுக்குக் கொடுக்கலாமா?

நான் பூச்சிமருந்து எச்சம் பார்க்கும் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மண், காய், பால், முட்டை எல்லாம் கையில் வந்து போயிருக்கின்றன. டாக்டர் இல்லை. அதனால் உடம்பு பற்றிய இடங்களில் ஒரு எல்லையோடு நிறுத்திக்கொள்வேன்.

முதலில், உங்களுக்குச் சொன்னவர் பாதி சரி. ஏன் என்று தெரிய வேண்டுமானால் உங்கள் மண் எங்கள் மேசைக்கு வந்தபின் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சலித்த மண்ணில் பத்து கிராம் நிறுத்து ஒரு பிளாஸ்டிக் குழாயில் போடுவோம். கொஞ்சம் தண்ணீர், பிறகு அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பான். அடுத்து மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் கொட்டி மூடி குலுக்கும்போது குழாய் கையில் சுடும். மெக்னீசியம் சல்பேட் தண்ணீரைக் குடிக்கும்போது வருகிற சூடு அது. சுழற்றும் மெஷினில் வைத்து எடுத்தால் மேலே வெளிர்மஞ்சளாகக் கரைப்பான் நிற்கும், அடியில் மண் அடையாக உட்கார்ந்திருக்கும். மேலே நிற்பதைத்தான் கருவிக்குள் ஏற்றுகிறோம். அடியில் இருக்கும் மண் கழிவுத் தொட்டிக்குப் போய்விடும். அந்தக் கரைப்பானுக்குள் இறங்கி வராத மருந்து ஏதாவது மண்ணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதுவும் மண்ணோடு தொட்டிக்குத்தான் போகும். ஆகவே ரிப்போர்ட்டில் இருக்கும் 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லை, 'இந்தக் கரைப்பானால், இந்த அளவுக்கு மேல், இந்தப் பட்டியலில் உள்ள மருந்து எதையும் இழுத்து எடுக்க முடியவில்லை' என்று விரித்துப் படிக்க வேண்டும். அந்த அளவு பெரும்பாலும் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று இருக்கும். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழ மண் ஏறக்குறைய 900 டன். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு ஒன்பது கிராம் வரை இருந்தும் ரிப்போர்ட் சுத்தமாக வரலாம். ஒரு தெளிப்புக்கே ஏக்கருக்கு நூறு, இருநூறு கிராம் மூலமருந்து போயிருக்கும் என்பதோடு ஒப்பிட்டால் அந்த ஒன்பது கிராம் பெரிதில்லை. ஆனால் பூஜ்யமும் இல்லை.

இப்படிக் கரைப்பானுக்கு மசியாமல் நிற்பதைத்தான் 'பிணைந்த எச்சம்' என்கிறோம். இதைக் கண்டுபிடித்தது வயலில் அல்ல. மருந்து மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவுக்குப் பதில் கதிர்வீச்சு விடும் கார்பன்-14 வைத்து, அந்த மருந்தை மண்ணில் கலந்து, பிறகு கரைப்பான் போட்டுக் கழுவிப் பார்த்தார்கள். கழுவியபின் மிஞ்சிய மண்ணை எரித்தால் வரும் வாயுவில் கார்பன்-14 இருந்தது. அதாவது போட்டதில் ஒரு பங்கு போன இடம் அப்போதுதான் தெரிந்தது. 1970களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லிக்டென்ஸ்டைன் குழுவினர் செய்த வேலை இதில் முக்கியமானது. டிடிடி (DDT) மாதிரி நாள்பட நிற்பதை விட, பாரத்தியான் மாதிரி 'சீக்கிரம் போய்விடும்' என்று பேர் எடுத்த மருந்துகள்தான் மண்ணோடு அதிகமாகப் பிணைந்தன. அதுவரை 'மருந்து மறைந்துவிட்டது' என்று எழுதிவந்தவர்கள், மறைந்ததா ஒளிந்ததா என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கார்பன்-14 முறை ஆராய்ச்சிக்கூடத்தில், தெரிந்த மருந்தைத் தெரிந்த நாளில் போட்ட மண்ணுக்கு மட்டும்தான் ஆகும். உங்கள் தோட்டத்தில் யாரும் கார்பன்-14 தெளிக்கவில்லை. அதனால் 'உங்கள் மண்ணில் பிணைந்த எச்சம் இவ்வளவு' என்று எந்த ஆய்வகமும் உங்களுக்கு ரிப்போர்ட் கொடுக்க முடியாது. கொடுக்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, ஒட்டியிருப்பது எல்லாம் விஷமா? பிணைப்பில் மூன்று வகை இருக்கிறது, மூன்றும் ஒன்றில்லை. நீங்கள் துணி ஊர்க்காரர், துணியிலேயே சொல்கிறேன். முதல் வகை, நூலிடுக்கில் புகுந்த தூசி மாதிரி. மருந்து உருமாறாமல் அப்படியே மண்துகளின் நுண்துளைக்குள் போய் மாட்டிக்கொள்கிறது. பலமாக உதறினால் வரும், அல்லது பல வருடம் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். இரண்டாவது வகை, பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவது மாதிரி. மருந்தோ, அது உடைந்து வந்த துண்டோ மண்ணின் மட்கோடு வேதிப்பிணைப்பே போட்டுக்கொள்கிறது. நெல் வயலில் அடிக்கும் புரோபனில் என்ற களைக்கொல்லி உடையும்போது வரும் டைகுளோரோஅனிலின் இப்படித்தான் மட்கில் சேர்கிறது. அந்தச் சாயம் சும்மா துவைத்தால் போகாது. துணியே இற்றுப்போனால்தான் போகும். மூன்றாவது வகைதான் வேடிக்கையானது. நுண்ணுயிர்கள் மருந்தைத் தின்று, அதன் கார்பனைத் தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன. கருவியில் பார்த்தால் கார்பன்-14 மண்ணில் இருக்கும், கரைப்பானில் வராது, அதனால் அதையும் 'பிணைந்த எச்சம்' என்று கணக்கில் எழுதிவிடுவோம். ஆனால் அது மருந்தே இல்லை. மாடு தின்ற புல் பாலாகி வந்தபின் அதைப் புல் என்று சொல்வது மாதிரிதான். ஜெர்மனியின் லைப்சிக் நகர ஆய்வாளர்கள் கடந்த பதினைந்து வருடத்தில் இதை அளந்து காட்டினார்கள். 2,4-டி என்ற களைக்கொல்லி போன்ற, நுண்ணுயிர் விரும்பித் தின்னும் மருந்துகளில் பிணைந்த எச்சத்தின் பெரும்பங்கு இந்த மூன்றாவது வகைதான். ஆகவே பழைய ஆராய்ச்சிக் கட்டுரையில் 'மண்ணில் பாதி பிணைந்து நின்றது' என்று ஒரு எண்ணைப் பார்த்தவுடன் பயப்பட வேண்டாம். அந்தப் பாதியில் எது எந்த வகை என்று கேட்டபிறகுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

மண் ஒரு மருந்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கும் என்பதை நம் விவசாயிகள் பெயர் தெரியாமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். கலங்கல் தண்ணீரில் கிராமாக்சோன் கலக்கினால் களை சாகாது. வாய்க்கால் தண்ணீரை மொண்டு டேங்கில் ஊற்றிவிட்டு, "மருந்து டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்தில் தப்பில்லை. அதிலுள்ள பாராகுவாட் நேர்மின்னேற்றம் உள்ளது, களிமண் துகள் எதிர்மின்னேற்றம் உள்ளது. இரண்டும் டேங்குக்குள்ளேயே கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. அதுவும் கரிசல் மண்ணின் களி, தாள் தாளாக அடுக்கியது மாதிரி இருக்கும். பாராகுவாட் அந்த அடுக்குக்கு நடுவில் போய்ப் படுத்துக்கொண்டால் செடியின் வேருக்கு அது இல்லாத பொருள். செம்மண்ணுக்கு இந்தப் பிடிமானம் குறைவு. ஒரு மடக்கு குடித்தாலே ஆளைக் கொல்லும் அந்த விஷத்தைக் குடித்துவிட்டு வருபவர்களுக்கு ஆஸ்பத்திரியில் களிமண் கரைசலை ஊற்றிப் பார்ப்பதும் இதே காரணத்தால்தான். பாராகுவாட் மண்ணில் வருடக்கணக்கில் இருக்கும், ஆனால் அந்த மண்ணில் போட்ட பயிர் முளைத்து வளரும். இருப்பது வேறு, வேலை செய்வது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்றும் சொல்கிறேன். கரீபியன் கடலில் பிரான்சுக்குச் சொந்தமான குவாதலூப், மார்த்தினிக் என்று இரண்டு தீவுகள். (1850களிலிருந்து காரைக்கால், புதுச்சேரி வழியாகக் கப்பலேறிப் போன நம்மாட்களின் வம்சம் இன்றும் அங்கே இருக்கிறது.) வாழைக் கிழங்கைத் துளைக்கும் கூன்வண்டுக்காக அங்கே 1972 முதல் 1993 வரை குளோர்டெகோன் என்ற தூளை வாழை அடியில் போட்டார்கள். அமெரிக்காவில் ஹோப்வெல் என்ற ஊரில் இதைத் தயாரித்த தொழிலாளர்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் கைநடுக்கமும் வந்து 1975-லேயே ஆலையை மூடிவிட்டார்கள். பிரான்ஸ் 1990-ல் தடை போட்டது. இந்தத் தீவுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து மூன்று வருடம் இழுத்தது. கூண்டு மாதிரிக் கட்டமைப்பு, அதைச் சுற்றிப் பத்து குளோரின். நுண்ணுயிர் எதுவும் சுலபத்தில் வாய் வைக்காது. மழைநீர் மட்டுமே கழுவிக்கொண்டு போவதானால் சில மண்ணிலிருந்து முழுக்க நீங்கப் பல நூறு வருடம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இன்று அந்தத் தீவுகளில் வயதுவந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரத்தத்தில் அது இருக்கிறது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாக 2010-ல் வந்த ஆய்வு காட்டியது.

எனக்கு அந்தக் கதையில் முக்கியமாகப் படுவது வேறு இடம். அங்கே இரண்டு மூன்று வகை மண் உண்டு. எரிமலைச் சாம்பலில் உண்டான ஒரு மண்ணில் குளோர்டெகோன் மிக அதிகமாக இருக்கிறது. இன்னொரு களிமண்ணில் அதைவிடக் குறைவு. ஆனால் அதிகம் உள்ள மண்ணில் விளைந்த கிழங்குக்கு ஏறுவது, அங்கே உள்ள அளவோடு ஒப்பிட்டால், குறைவாக இருக்கிறது. எரிமலை மண்ணின் துகள், தேன்கூட்டை விடச் சிக்கலான சந்துபொந்துகள் உள்ளது. மருந்து உள்ளே போய் வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறது. களிமண்ணில் மருந்து வாசலிலேயே நிற்கிறது, தண்ணீர் வந்து கூப்பிட்டால் போய்விடும். ஆக, மண்ணை அளந்து மட்டும் 'இது ஆபத்தான நிலம், அது தேவலை' என்று வரிசைப்படுத்தினால் தலைகீழாகப் போய்விட வாய்ப்பு இருக்கிறது. அதேபோல, எந்த வாழைக்காக மருந்து போட்டார்களோ அந்த வாழைப்பழத்தில் அது இல்லை. மண்ணுக்குள் வளரும் கருணை, சேம்பு, சர்க்கரைவள்ளி வகைகளில் இருக்கிறது. மேய்ச்சலில் புல்லோடு மண்ணையும் சேர்த்துத் தின்னும் மாட்டில் இருக்கிறது. முற்றத்தைக் கிளறும் கோழியின் முட்டையில் இருக்கிறது. ஓடையில் போய், கடலோர மீன்வரை ஏறிவிட்டது. விஷம் எங்கே கிடக்கிறது என்பதோடு, எந்த வழியாகக் கிளம்பி யார் வாய்க்குப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பிணைந்தது திரும்பி வருமா? வரும், கொஞ்சமாக, மெதுவாக. இதில் சந்தேகம் இல்லை. லிக்டென்ஸ்டைன் குழுவே 1978-ல், நன்றாகக் கழுவி எடுத்த மண்ணில், அதாவது பிணைந்த எச்சம் மட்டுமே மிஞ்சிய மண்ணில், மண்புழுவை விட்டார்கள், ஓட்ஸ் விதைத்தார்கள். இரண்டுக்குள்ளும் கார்பன்-14 ஏறியிருந்தது. கரைப்பானால் முடியாததைப் புழுவின் குடல் செய்தது. ஜெர்மனியில் அட்ரசின் என்ற களைக்கொல்லி போட்ட ஒரு மண்ணை 22 வருடம் கழித்துத் தோண்டிப் பார்த்தபோது அட்ரசின் அட்ரசினாகவே கொஞ்சம் இருந்தது; மாதக்கணக்கில் போய்விடும் என்று புத்தகத்தில் எழுதியிருந்த மருந்து அது. ஜப்பானில் 1970களில் நிறுத்திய டீல்ட்ரின் என்ற பூச்சிமருந்து, முப்பது வருடம் கழித்து வெள்ளரிக்காயில் அளவுக்கு மேல் வந்து விவசாயிகளைத் திண்டாட வைத்தது. பூசணிக் குடும்பத்தின் வேர் இந்த வகைப் பழைய குளோரின் மருந்துகளை மண்ணிலிருந்து கிளப்பி மேலே ஏற்றுவதில் கெட்டி; மற்ற பயிர் செய்யாததை அது செய்யும். குறைவாக உறிஞ்சும் வேர்ச்செடியில் வெள்ளரியை ஒட்டுக்கட்டி அவர்கள் சமாளித்தார்கள்.

மறுபக்கமும் அதே அளவு உறுதி. வயதாக ஆக மண்ணில் உள்ள மருந்து வெளியே வருவது குறைகிறது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து மார்ட்டின் அலெக்சாண்டர் இதற்காகவே பல வருடம் செலவழித்தவர். அரை நூற்றாண்டுக்கு முன் டிடிடி போட்ட மண்ணிலிருந்து மண்புழு எடுத்துக்கொண்டது, புதிதாக அதே அளவு கலந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டதில் ஒரு பகுதிதான். ஜெர்மனியின் பழைய வெடிமருந்து ஆலை நிலங்களில் டிஎன்டி கலந்த மண்ணை, மட்கோடு வேண்டுமென்றே பிணைய வைத்து முடக்கும் வேலையைச் செய்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பிணைப்பு நோய் இல்லை, வைத்தியம். ஐரோப்பிய ஒன்றியம் நடுவில் நிற்கிறது: ஒரு மருந்து சோதனையில் 100 நாளில் 70 சதவீதத்துக்கு மேல் பிணைந்துபோய், கார்பன்-டை-ஆக்சைடாக முழுக்க எரிந்தது 5 சதவீதத்துக்கும் குறைவு என்றால், வயலில் அது சேர்ந்து பின்வரும் பயிருக்குக் கேடு இல்லை என்று நிரூபிக்காமல் அனுமதி கிடையாது. எனக்கு அந்த விதி பிடிக்கும். பிணைப்பை நல்லது என்றோ கெட்டது என்றோ முடிவு கட்டாமல், நிரூபிக்கும் பொறுப்பை விற்பவன் தலையில் வைக்கிறது.

இனி நிச்சயமில்லாத பகுதி. பல மருந்துகள் ஒரே மண்ணில் இருபது வருடம் விழுந்து, பாதி உடைந்து, ஒன்றோடொன்று கலந்து பிணைந்து கிடந்தால் அதன் கூட்டு விளைவு என்ன என்பதற்கு நேரடியான சோதனை கிடையாது. மண்புழுவை இரண்டு வாரம், எட்டு வாரம் வைத்துப் பார்க்கும் சோதனைகள் உண்டு. இருபது வருடம் மெல்லக் கசிவதை அவை சொல்லாது. மண்ணின் நிலை மாறும்போது பிடி தளரும் என்பது தெரியும். எந்த வயலில் எவ்வளவு தளரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஓர் உதாரணம்: கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் உரத்திலுள்ள பாஸ்பேட்டும் மண்ணில் ஒரே இருக்கைக்குப் போட்டி போடுபவை. கிளைபோசேட் உட்கார்ந்திருக்கும் மண்ணில் டிஏபி உரத்தை அள்ளிக் கொட்டினால், சில மண்ணில் பாஸ்பேட் அதை எழுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்ளும். சுண்ணாம்பு போட்டு மண்ணின் காரத்தன்மையைத் திடீரென்று மாற்றுவது, வருடக்கணக்கில் தரிசாகக் கிடந்ததை ஆழ உழுது புரட்டுவது, மட்கு வேகமாகக் கரைய விடுவது, இவையும் அப்படித்தான்.

இப்போது உங்கள் மூன்று ஏக்கருக்கு வருகிறேன். பருத்தி நிலம் என்பதால், அந்தக் காலக் கணக்கு இப்படி இருக்கும்: எண்டோசல்பான், மோனோகுரோட்டோபாஸ், குயினால்பாஸ், பைரித்ராய்டு வகைகள், பிற்பாடு இமிடாகுளோபிரிட். அதற்கும் முந்தைய தலைமுறையில் பிஎச்சி பவுடரும் டிடிடியும். மோனோகுரோட்டோபாஸ் அடிக்கும் ஆளுக்குப் பயங்கரமான விஷம். ஆனால் மண்ணில் வாரக்கணக்கில் சிதைந்துவிடும். அதை நினைத்து இன்று நீங்கள் தூக்கம் கெட வேண்டியதில்லை. பிஎச்சி இந்தியாவில் 1997-ல் தடையானது, எண்டோசல்பான் 2011-ல் உச்ச நீதிமன்ற உத்தரவில் நின்றது. இருந்தால் இவைதான் இருக்கும். எனவே ரிப்போர்ட்டை எடுத்து முதலில் பட்டியலைப் பாருங்கள். எண்டோசல்பான் சல்பேட் அதில் இருக்கிறதா? மண்ணில் எண்டோசல்பான் அந்த உருவுக்கு மாறித்தான் நிற்கும். தாய் மருந்தை மட்டும் தேடியிருந்தால் தேடாத மாதிரிதான். DDT-யோடு, அது சிதைந்து வரும் DDE-யையும் DDD-யையும் (தமிழில் எழுதினால் DDT-யும் DDD-யும் ஒன்றுபோலவே விழும், நாங்களே தடுமாறுவோம்) தனித்தனியாகப் பார்த்தார்களா? DDE அதிகமாகவும் DDT குறைவாகவும் இருந்தால் பழைய சரக்கு. தலைகீழாக இருந்தால் சமீபத்தில் யாரோ போட்டிருக்கிறார்கள்.

அடுத்தது, மண்ணை எங்கே எடுத்தீர்கள்? உரச் சோதனைக்கு எடுக்கிற மாதிரி பதினைந்து இடத்தில் வெட்டி, ஒன்றாகக் கலந்து, கால் பாகம் கால் பாகமாகக் குறைத்து அரைக் கிலோ அனுப்பியிருப்பீர்கள். சத்துக்கு அது சரியான முறை. மருந்துக்கு அது மோசமான இடத்தை நல்ல மண்ணில் கரைத்துக் காட்டாமல் விட்டுவிடும். ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு இடம் உண்டு: மோட்டார் ரூம் ஓரம், தொட்டிக்குப் பக்கம், ஒரு கல்லின் மேல் வைத்து மருந்து கலக்கி, டப்பாவைக் கழுவி, மிச்சத்தைக் கீழே ஊற்றிய இடம். இருபத்தைந்து வருடம் அதே இடம். வயலில் ஏக்கருக்குப் பரவியது அங்கே ஒரு கட்டில் அளவில் ஊறியிருக்கும். என் அனுபவத்தில் வயலெல்லாம் சுத்தமாக வந்து அந்த ஒரு இடம் மட்டும் கருவியின் கோட்டைக் கூரைக்கு ஏற்றியதுண்டு. பழைய சொந்தக்காரரிடம், இல்லாவிட்டால் அவரிடம் வேலை பார்த்தவரிடம், "மருந்து எங்க வெச்சுக் கலக்குவீங்க?" என்று கேளுங்கள். அங்கே மட்டும் தனியாக மண் எடுத்து அனுப்புங்கள்.

மேல்மண்ணை வழிப்பதா? மூன்று ஏக்கரில் ஒரு அடி என்றால் ஐயாயிரம் டன்னுக்கு மேல். பத்து டன் டிப்பரில் ஐந்நூறு நடை. எங்கே கொட்டுவீர்கள்? கூடவே உங்கள் நிலத்தின் மட்கையும், மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் அந்தப் பிடியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுச் சரளையில் விவசாயம் செய்வீர்கள். வேண்டாம். மருந்து கலக்கிய அந்தக் கட்டில் அளவு இடத்தில் மோசமாக வந்தால், அங்கே மட்டும் வேலி கட்டி, சிமெண்ட் போட்டு மூடி, காய்கறியோ கோழியோ போகாமல் செய்தால் போதும்.

நுண்ணுயிர்க் கரைசல் விற்பவர், "மண்ணில் ஒட்டியுள்ள விஷம் அனைத்தையும் முப்பது நாளில் வெளியேற்றும்" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது பொய்யாக இருந்தால் பணம் நஷ்டம். உண்மையாக இருந்தால் அதுதான் பயப்பட வேண்டிய விஷயம்: இத்தனை வருடம் மண் அடைத்து வைத்திருந்ததை ஒரே மாதத்தில் கிணற்றுத் தண்ணீருக்கும் பயிர் வேருக்கும் திறந்துவிடுவதா? நல்லவேளையாக அப்படி எதுவும் நடக்காது. மருந்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் உண்டு, உண்மை. ஆனால் மருந்து நுழைந்திருக்கும் துளைக்குள் நுண்ணுயிரால் நுழைய முடியாது. அதனால்தான் அது இன்னும் மிஞ்சியிருக்கிறது. அந்தக் காசுக்கு நல்ல தொழுவுரம் வாங்கிப் போடுங்கள். மார்த்தினிக் மண்ணிலேயே மக்கிய உரம் சேர்த்தபோது பயிருக்கு ஏறுவது குறைந்ததைப் பார்த்திருக்கிறார்கள். மருந்தை அது அழிக்காது, பிடியை இறுக்கும். ஒருமுறை போட்டு விட்டுவிடாமல் வருடா வருடம் போட வேண்டும், ஏனென்றால் நம் வெயிலில் மட்கு நிற்காது.

பையனைப் பற்றி. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மண்ணிலிருந்து வரும் மிகக் குறுகிய வழி அவன் கைதான். வயலில் ஓடட்டும், மோட்டார் ரூம் பக்கம் மட்டும் அந்த ரிப்போர்ட் வரும்வரை விடாதீர்கள், வீட்டுக்குள் வந்ததும் அவன் கையைக் கழுவி விடுங்கள். நாட்டுக்கோழி வளர்க்கும் எண்ணம் இருந்தால் கூட்டை அந்த இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். கோழி ஒரு நாளில் கொத்தி விழுங்கும் மண் நாம் நினைப்பதைவிட அதிகம், பழைய குளோரின் மருந்துகள் கொழுப்பில் கரைபவை, மஞ்சள்கரு கொழுப்பு. ஒரு பிள்ளைக்குத் தினமும் ஒரு முட்டை கொடுப்போம். அதனால் மண்ணுக்கு இன்னொரு சோதனை செய்யும் காசில், உங்கள் கோழி இட்ட முட்டை பத்தைச் சேர்த்து ஒரு சோதனை செய்வதை நான் விரும்புவேன். மண்ணில் அளக்க முடியாததைக் கோழி நமக்காக அளந்து கொடுத்துவிடும்.

பயிரில், கீரை, தக்காளி, கத்தரி, வெண்டைக்கு நான் தயங்க மாட்டேன். மண் தெறித்ததைக் கழுவினால் சரி. கேரட், முள்ளங்கி மாதிரி உள்ளவற்றில் எச்சம் பெரும்பாலும் தோலில் நிற்கும், சீவிவிடுங்கள். மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, டிரம்மில் போட்டு மெருகேற்றும்போது மேல்தோல் உதிர்ந்துவிடுகிறது. நிலக்கடலை மண்ணுக்குள் காய்ப்பது, எண்ணெய் உள்ளது. முதல் அறுவடையில் ஒரு கிலோவைச் சோதனைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஆட்டுங்கள். பூசணி, சுரை, வெள்ளரி, பீர்க்கை ஆகியவற்றை முதல் வருடம் மருந்து கலக்கிய இடத்துக்குப் பக்கத்தில் ஏற்றாதீர்கள். பந்தல் போட நிழலாக இருக்கிறது என்று எல்லோரும் மோட்டார் ரூம் கூரை மேல்தான் சுரைக்கொடியை ஏற்றுகிறோம்.

அந்த இடத்து மண்ணின் ரிப்போர்ட் வந்ததும் தேடிய மருந்துகளின் முழுப் பட்டியலோடும் அளவீட்டு எல்லையோடும் இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் பயன்படுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் எழுதுங்கள்.